ஜிப்பாவும் ஜூப்பும்

அக்கா மகள் பிரெஞ்சு படிக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் உடைகளின் பெயர்களை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பக்கத்து அறையில் நான் தாத்தாவின் பழைய ஜிப்பாவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "ஜூப், ஜூப்" என்று அவள் நாலைந்து தடவை சொன்னது என் காதில் ஜிப்பா என்றே விழுந்தது. "என்னம்மா, பிரெஞ்சுலயும் ஜிப்பா இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, ஜூப்னா பாவாடை" என்றாள்.

சரி, வேறு ஏதோ சொல் போலிருக்கிறது என்று அப்போதைக்கு விட்டுவிட்டேன். ஆனால் இரவு படுக்கப் போகும்போது அது மறுபடி மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து அகராதிகளைப் புரட்டினேன். ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போக, விடிய ஆரம்பித்துவிட்டது. என் காது கேட்டது தப்பே இல்லை. அவள் படித்த ஜூப்பும் என் கையில் இருந்த ஜிப்பாவும் ஒரே சொல்தான். இரண்டுக்கும் தாய் அரபி மொழியின் ஜுப்பா.

தமிழ் அகராதிகள் ஜிப்பாவுக்குத் தளர்வான நீண்ட சட்டை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. பொருள் சரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் அடங்காத ஒரு பெரிய பயணம் இந்தச் சொல்லுக்கு இருக்கிறது, அதை யாராவது நின்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடையைச் சொல்லிவிடுகிறேன். தாத்தாவுடையது கதர். வெளுத்து வெளுத்து, இப்போது தொட்டால் பழைய பருத்தித் தலையணை உறை மாதிரி இருக்கிறது. காலர் கிடையாது, கழுத்தைச் சுற்றி ஒரு பட்டி மட்டும். நெஞ்சின் பாதி வரை திறப்பு, அதில் மூன்று காஜா. பொத்தான்களைத் துணியோடு தைத்திருக்க மாட்டார்கள். மெல்லிய சங்கிலியில் கோத்துத் தனியாக வைத்திருந்து, உடுத்தும்போது மாட்டிக்கொள்வார், துவைக்கப் போடும்போது கழற்றிவிடுவார். பை நெஞ்சில் இருக்காது, இடுப்புக்குக் கீழே பக்கத் தையலுக்குள் ஒளிந்திருக்கும். கீழே இரண்டு பக்கமும் பிளவு. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முன்பக்கம் மடியில் விழும், பின்பக்கம் தரையில் விரியும்.

உள்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் விஷயமே தெரியும். முன்னுக்கு ஒரு நீளத் துண்டு, பின்னுக்கு ஒரு நீளத் துண்டு, பக்கங்களில் கீழே போகப் போக அகலமாகும் துண்டுகள், கைகளுக்கு நீண்ட சதுரங்கள். ஏறக்குறைய எல்லாமே நேர்கோடுகள். கத்தரி வளைந்து போக வேண்டிய இடம் கழுத்து ஒன்றுதான், அதனால் துணி அதிகம் வீணாவதில்லை. அக்குளில் மட்டும் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சதுரத் துணி, மூலைவாட்டில் வைத்துத் தைத்தது. கையைத் தூக்கினால் அந்தச் சதுரம் விரிந்து இடம் கொடுக்கும், இறக்கினால் மடிந்து உள்ளே போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. இவ்வளவு தொளதொளவென்று இருக்கிற உடையில் உடம்பின் அசைவை யோசித்துத் தைத்த இடம் அது ஒன்றே. தைத்தவர் கையை மானசீகமாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இனி சொல். அரபியில் ஜுப்பாவின் வேர் எழுத்துகள் ஜ, ப, ப. இந்த வேருக்கு வெட்டுதல், அறுத்தல் என்று பொருள். இதே வேரிலிருந்து வரும் இன்னொரு சொல் ஜுப், அதாவது கிணறு, பூமியை வெட்டியது. குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் தம்பியின் மேல் பொறாமைப்பட்ட அண்ணன்மார் அவரைத் தள்ளிவிடும் கிணற்றுக்கு இந்தச் சொல்தான் வருகிறது. அதே அத்தியாயத்தில் அவர்கள் பொய் ரத்தம் தடவித் தகப்பனிடம் கொண்டுபோகும் சட்டைக்கு வரும் சொல் கமீஸ். ஆம், நம் பெண்கள் உடுத்தும் சல்வார் கமீஸின் கமீஸேதான். அந்தச் சட்டை கதை நெடுக வருகிறது. முதலில் அது பொய்ச் சாட்சி, நடுவில் பின்பக்கம் கிழிந்து உண்மைச் சாட்சி, கடைசியில் கண்பார்வை போன தகப்பனின் முகத்தில் போட்டால் பார்வை திரும்புகிறது. ஒரு சட்டைக்கு இவ்வளவு பெரிய வேலை கொடுத்த கதையை வேறெங்கும் நான் படித்ததில்லை.

கமீஸைத் தொட்டுவிட்டேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். பிற்கால லத்தீனில் கமீசியா என்று ஒரு சொல் உண்டு, அரபியின் கமீஸ் அதற்கு உறவு. போர்த்துகீசியர் கமிசா என்றார்கள், சிங்களத்தில் இன்றும் சட்டைக்குக் கமிசய என்றே பெயர். ஒரே சொல் பாரசீகம், உருது வழியாக ஒரு கரையிலும், போர்த்துகீசியக் கப்பல் வழியாக இன்னொரு கரையிலும் வந்து இறங்கியிருக்கிறது. ஜிப்பாவில் இருக்கும் காஜாவும் பொத்தானும்கூட அந்தக் கப்பலில் வந்தவைதான். காஸா என்றால் அவர்கள் மொழியில் வீடு. பொத்தான் குடியிருக்கும் வீடு காஜா.

வெட்டு என்ற வேரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று சட்டென்று உறைத்தது. நாம் தினமும் சொல்லும் துணி என்ற சொல்லுக்கே அடியில் இருப்பது வெட்டுதான். துணிதல் என்றால் துண்டாதல். துண்டு அதே இனம். சங்க காலத்தில் துணிக்கு அறுவை என்று பெயர் இருந்தது, அறுத்தது அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவர் இருக்கிறார், துணி வியாபாரம் செய்துகொண்டே பாட்டு எழுதியவர். ஆங்கிலத்தின் ஷர்ட், ஸ்கர்ட் இரண்டையும் தோண்டினாலும் வெட்டுதலில்தான் போய் நிற்கும், குட்டை என்று பொருள்படும் ஷார்ட்கூட அந்தக் குடும்பம்தான். இந்த மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கி இப்படி ஆகவில்லை. தறியில் நீண்டுகொண்டே வருகிற ஒரு பொருளை மனிதனுக்கு ஆக வேண்டுமென்றால் எங்கேயோ ஓரிடத்தில் அறுக்கத்தான் வேண்டும். அந்த நொடியை எல்லோரும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அறுத்ததோடு நிறுத்தி, அப்படியே இடுப்பில் சுற்றித் தோளில் போட்டார்கள். அரபு நாட்டில் அறுத்ததை மறுபடி ஒட்டினார்கள். தையல் என்பது அந்த ஒட்டுதல்தான்.

ஜுப்பா என்றாலே தொளதொளப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று காட்டும் ஒரு நிகழ்ச்சி நபிமொழித் தொகுப்புகளில், புகாரியில், இருக்கிறது. அறிவிப்பவர் முகீரா பின் ஷுஅபா. பயணத்தில் நபிகள் நாயகம் தொழுகைக்கு முன் கை கால் கழுவ வருகிறார்கள். உடுத்தியிருப்பது ஷாம் தேசத்து ஜுப்பா, அதாவது சிரியாப் பக்கத்துத் தையல். அதன் கைகள் இறுக்கம். சட்டைக் கையை மேலே ஏற்ற முயல்கிறார்கள், ஏறவில்லை. உடனே கைகளை உள்ளே இழுத்து, ஜுப்பாவின் அடி வழியாக வெளியே எடுத்துக் கழுவிக்கொள்கிறார்கள். முகீரா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியவர், அதனால் அந்தச் சட்டைக் கை அவருக்கு மறக்கவில்லை. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சட்டைக் கையின் அளவு நமக்குத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம். அப்போதே ஜுப்பா என்ற பெயர் ஊர் ஊராகத் தையல் மாறும் ஒரு உடைக்குப் பெயராக இருந்திருக்கிறது என்பதும் இதில் தெரிகிறது.

பிறகு அது மேற்கே போயிற்று. சிசிலித் தீவு ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினொன்றாம் நூற்றாண்டு வரை அரபியர் கையில் இருந்தது, தென் இத்தாலியும் ஸ்பெயினும் அரபியோடு நெருங்கிப் பழகின. இத்தாலியில் ஜுப்பா ஜூப்பாவாகி மேல்கோட்டைக் குறித்தது, இன்றும் ஜாக்கெட்டுக்கு அங்கே ஜூப்போத்தோ என்கிறார்கள். ஸ்பெயினில் அல்ஜூபா என்று அரபியின் முன்னொட்டோடு சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். பிரான்சில் ஜூப் முதலில் ஆண்களும் போட்ட மேலுடை. பதினான்காம் நூற்றாண்டில் போர்வீரர்கள் இரும்புக் கவசத்துக்கு மேல் ஜூப்போன் என்று உடம்பைக் கவ்வும் ஒன்றைப் போட்டார்கள். காலப்போக்கில் ஜூப் மேலிருந்து நழுவி இடுப்புக்குக் கீழே வந்து, பெண்களின் பாவாடையில் நின்றுவிட்டது. இன்று தொடை தெரியும் குட்டைப் பாவாடைக்குப் பிரெஞ்சில் மினிஜூப் என்று பெயர். கணுக்கால் வரை மூடிய உடையின் பெயர் அங்கே போய் நிற்கிறது! சொல்லை நான் ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்று யாராவது கேட்டால் இந்த ஒன்றைக் காட்டுவேன்.

ரஷ்யாவுக்கு இந்தச் சொல் இரண்டு தடவை போயிருக்கிறது, ஜெர்மானியர் வழியாக ஒன்று, போலந்து வழியாக ஒன்று. முதல் தடவை போனது ஷூபா, கடுங்குளிருக்குப் போடும் கம்பளிமுடித் தோல் கோட்டு. இரண்டாவது யூப்கா, பாவாடை. கூடப்பிறந்தவர்கள் என்று தெரியாமல் ஒரே அலமாரியில் இரண்டும் தொங்குகின்றன.

ஜப்பான்தான் என்னை அதிகம் அசத்தியது. 1543இல் போர்த்துகீசியர் தானேகாஷிமா தீவில் இறங்கினார்கள். அவர்கள் போட்டிருந்த உடம்போடு ஒட்டிய குட்டைச் சட்டைக்கு ஜிபாவ் என்று பெயர், அரபி ஜுப்பாவின் பேரன். ஜப்பானியர் வாயில் அது ஜுபான் ஆயிற்று, கிமோனோவுக்குள் போடும் உள்ளாடைக்குப் பெயராயிற்று. அதற்குச் சீன எழுத்துகளும் பொருத்திவிட்டார்கள், எழுத்தைப் பார்த்தால் பூர்வீகச் சொல் போலவே இருக்கும். கிமோனோவின் கழுத்தோரம் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தெரியும் பட்டி இருக்கிறதே, அது அந்த ஜுபானின் கழுத்துதான். அப்புறம் ஒரு சின்னச் சந்தோஷம்: ஜப்பானில் பொத்தானுக்குப் பொத்தான் என்றேதான் பெயர், கொஞ்சம் அழுத்தி போதன் என்பார்கள். போர்த்துகீசியர் அங்கேயும் இங்கேயும் ஒரே பொத்தானை விட்டுப் போயிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உடை மாறிய கதை. சூடானில் நடந்தது வேறு, அங்கே ஜிப்பா ஒரு கொள்கையாகவே ஆனது. 1881இல் முகமது அகமது என்பவர் தன்னை மஹ்தி, அதாவது முஸ்லிம்கள் எதிர்பார்க்கும் மீட்பர், என்று அறிவித்து, எகிப்து ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் ஒட்டுப் போட்ட ஜிப்பா உடுத்தினார்கள். கிழிந்ததைத் தைத்து உடுத்துவது உலக ஆசையை விட்டதற்கு அடையாளம், சூஃபி மரபில் முன்பே உள்ளது. 1885 ஜனவரியில் தலைநகர் கார்ட்டூம் அவர்கள் வசமாயிற்று, அதே வருடம் ஜூனில் மஹ்தி இறந்தார். அதற்கப்புறம் ஒட்டுகள் மாறின. கிழிசல் இல்லாத புதுத் துணியிலேயே, இடமும் வலமும் ஒத்துவருகிற மாதிரி, நீலமும் சிவப்பும் கறுப்புமாகச் சதுரங்கள் வைத்துத் தைத்தார்கள். ஏழ்மையின் ஒட்டு படையின் சீருடை ஆயிற்று. 1898 செப்டம்பர் 2ஆம் தேதி ஓம்துர்மான் போரில் பிரிட்டிஷ் எந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே அந்த ஜிப்பாக்களோடுதான் ஓடினார்கள், ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். போர்க்களத்திலிருந்து வெற்றிச் சின்னமாக எடுத்துப்போன ஜிப்பாக்கள் இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பார்த்தேன். நேர்கோட்டுத் துண்டுகள், கீழே விரியும் பக்கங்கள். தாத்தாவின் ஜிப்பாவை விரித்து வைத்தால் அதே வடிவம். என்னால் அந்தப் படங்களை வெகுநேரம் பார்க்க முடியவில்லை.

அதே இங்கிலாந்தில், பிரைட்டன் பக்கத்து ரோடீன் பெண்கள் பள்ளியில், தளர்வான சீருடை ஒன்றுக்கு ஜிப்பா என்றே பெயர் வைத்துச் சிறுமிகள் உடுத்தினார்கள். உலகம் இப்படியும் இருக்கிறது.

தென்னிந்தியாவுக்கு வருவோம். மலையாளம், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஜுப்பா, நமக்கு மட்டும் ஜிப்பா. வடக்கே குர்தா என்று சொல்வதைத்தான் நாம் நால்வரும் இந்தப் பெயரில் சொல்கிறோம். வடக்கில் ஜுப்பா என்றால் ஆலிம்கள், அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள், உடுத்தும் நீண்ட அங்கி. தமிழில் அந்தப் பொருளும் உயிரோடு இருக்கிறது, தமிழ் முஸ்லிம்கள் அந்த அங்கிக்கு ஜுப்பா என்பார்கள், கதர் சட்டைக்கு ஜிப்பா என்பார்கள். ஒரு எழுத்து மாறியதில் ஒரே சொல் தமிழுக்குள் இரண்டு உடையாகி, யாருக்கும் குழப்பம் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. துருக்கியில் நீதிபதியின் கறுப்பு அங்கியும் இதே பெயர்தான், ஜுப்பே. மலேசியாவில் பட்டமளிப்பு அங்கிக்கு ஜுபா.

இதையெல்லாம் சொன்னால் சிலர், அப்போ ஜிப்பா தமிழ்ச் சொல் இல்லை, வேறு நல்ல சொல் சொல்லலாமே என்கிறார்கள். அவர்களிடம் நான் மெய்ப்பை என்ற சொல்லைக் காட்டுவேன். பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்ட சின்னப் பாட்டு. அதில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்களைப் பற்றி "மெய்ப்பை புக்க" என்று வருகிறது. மெய்யை நுழைக்கும் பை மெய்ப்பை. உடம்புக்கு ஒரு பை தைத்து அதற்குள் புகுந்துகொண்டு நிற்கும் ஆளை முதன்முதலில் பார்த்த கண் அந்தச் சொல்லில் அப்படியே இருக்கிறது. தையல் உடைக்கு அருமையான தமிழ்ச் சொல், ஆனால் அதற்குள்ளேயும் நிற்பவன் வெளியூர்க்காரன்தான்.

தைத்த சட்டைக்கு இருந்த இன்னொரு பெயரான குப்பாயமும் அப்படியே. திருவாசகத்தின் அன்னைப்பத்தில், "பள்ளிக் குப்பாயத்தர் பாய்பரி மேற்கொண்டுஎன் உள்ளங் கவர்வரால் அன்னேயென்னும்" என்று ஒரு பெண் தாயிடம் சொல்லி உருகுகிறாள். மாணிக்கவாசகருக்காகச் சிவன் குதிரை வியாபாரியாக வந்த கதை நமக்குத் தெரியும். அந்தக் கோலத்தில் தோலும் நாகமும் போய்க் குப்பாயம் வந்துவிடுகிறது. குதிரைக்காரன் என்றால் தைத்த சட்டை போட்டிருப்பான், அவ்வளவுதான். கடவுளே வந்தாலும் அந்த வேடத்துக்கு அந்த உடை வேண்டும். இப்படி நம்மை உருக வைத்த குப்பாயத்தை மலையாளம் இன்றும் அன்றாடச் சட்டைக்குச் சொல்கிறது. நாம் ஏறக்குறைய தொலைத்துவிட்டோம்.

அந்த நிலைமை ஜிப்பாவுக்கும் வருகிறதோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இப்போது இளைஞர்கள் எல்லோருக்கும் அது குர்தா. குர்தா நல்ல சொல்தான், பாரசீகத்திலிருந்து வந்தது, அதற்கும் ஒரு பயணம் இருக்கும். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லிப் பழகி, ஜிப்பாக்காரர் என்று ஆளுக்கே பெயராகி, நாம் இகரம் போட்டு நமக்கென்று ஆக்கிக்கொண்ட சொல் இருக்கும்போது அதைக் கைவிட வேண்டுமா? சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், அது இருக்கும்.

மறுநாள் காலையில் இந்தக் கதையில் பாதியை அக்கா மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்ததை எடுத்துத் தலை வழியாக மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு அது முழங்காலைத் தாண்டி விழுந்தது. "இப்போ இது ஜிப்பாவா ஜூப்பா மாமா?" என்றாள். கையைத் தூக்கு, அக்குள் சதுரத்தைக் காட்டுகிறேன் என்றேன். இரண்டு கையையும் தூக்கினாள். இடது பக்கச் சதுரம் கதர் இல்லை. மெல்லிய வாயில் துணி, ஓரத்தில் மங்கிப்போன ஒரு பூவின் பாதி. பாட்டியின் புடவை எதிலிருந்தோ வெட்டி வைத்தது. இத்தனை வருடம் மடித்து வைத்திருக்கிறேன், வலது பக்கச் சதுரத்தைத்தான் பார்த்திருக்கிறேன், இடது கை இறங்கியே இருந்ததால் இது என் கண்ணில் பட்டதே இல்லை.